கம்பஸ் டைம்டேபிளில் உள்ள வெற்றுக் கட்டங்கள் ஓய்வு நேரம் இல்லை

கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், கிடைத்துப் போன பிள்ளைகள் தங்களுடைய முதலாவது செமஸ்டர் டைம்டேபிளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். உயர்தரம் படிக்கிற 12, 13ஆம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, தங்களுடைய பாடசாலை நேரசூசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். "பாருங்க சேர், அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு லெக்சர்தான், வெள்ளிக்கிழமை பகலோட முடியுது, எங்களுக்கு 7.30க்கு பெல் அடிச்சா 1.30 வரைக்கும் மூச்சு விட நேரமில்ல." இன்னும் ஒன்றரை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் அப்புறம் நிம்மதி என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையோடு மலையகத்திலிருந்து இறங்கிப் போகிற பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுமாறுவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன், அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பாடசாலையில் ஒரு நாளைக்கு 8 பாடவேளை, ஒன்று 40 நிமிடம். கிழமைக்கு 40 பாடவேளை, மணித்தியாலத்தில் சொன்னால் 26 மணி 40 நிமிடம். கம்பஸில் கணக்கே வேறு, அங்கே பாடத்தின் அளவைச் சொல்வது கிரெடிட். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கல்வியாண்டுக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் செலவழிக்க வேண்டியது 50 மணித்தியாலம். அதில் லெக்சர் மண்டபத்தில் உட்காருவது 15 மணித்தியாலம்தான், மீதி 35 மணித்தியாலத்தை அவரே வாசித்தும் எழுதியும் தேடியும் நிரப்ப வேண்டும். 15 கிரெடிட் உள்ள ஒரு செமஸ்டரை 15 கிழமைக்குப் பிரித்துப் பாருங்கள். கிழமைக்கு லெக்சர் 15 மணித்தியாலம், மொத்த வேலை 50 மணித்தியாலம். அக்காவின் ஸ்டேட்டஸில் தெரிவது அந்த 15 மட்டும். மீதி 35ஐ யாரும் கட்டம் போட்டுக் கொடுப்பதில்லை, அதற்கு பெல் அடிப்பதுமில்லை, அதனால்தான் படத்தில் அது வெற்றிடமாகத் தெரிகிறது. பிராக்டிகல் இருக்கிற பீடங்களில் இந்த வெற்றிடமும் குறைவு, பின்னேரம் முழுக்க ஆய்வுகூடத்தில் போய்விடும்.

ஆக, தம்பி தங்கச்சிமார் செய்கிற ஒப்பீடு பிழை. ஆனால் அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவர்கள் கையில் இருக்கிற பாடசாலை நேரசூசியும் உண்மையைச் சொல்லவில்லை.

பாடசாலை நாள் 7.30க்குத் தொடங்குகிறது என்பது ஹட்டன் டவுனுக்குள் இருக்கிற பிள்ளைக்குச் சரி. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் மேற்கணக்கில், அதாவது மேல் பிரிவில், இருக்கிற பிள்ளைக்கு அது இருட்டோடு தொடங்குகிறது. லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, தோட்டப் பாதையில் மெயின் ரோட்டுக்கு இறங்கி, நோர்வூட் வழியாக வருகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வர வேண்டும். ஜூன், ஜூலை மழையில் நனைந்த சப்பாத்தோடு முதலாம் பாடவேளைக்கு வந்து உட்காருகிற பிள்ளைக்கு பௌதிகவியல் எப்படி ஏறும் என்று கேட்காமல், ஏன் லேட் என்றுதான் கேட்கிறோம். பஸ் வராத நாளுக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

பாடசாலைக்கு வந்த பிறகும் 8 பாடவேளையும் படிப்பு நடக்கிறதா? இல்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, வேதனைதான் இருக்கிறது. இரசாயனவியலுக்கு ஆள் இல்லாத பாடசாலை, இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் வந்து மூன்று மாதத்தில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போன பாடசாலை, விஞ்ஞானப் பிரிவே இல்லாததால் பிள்ளை டவுனில் போர்டிங் தேட வேண்டிய நிலை, இதெல்லாம் மலையகத்தில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. நேரசூசியில் பாடத்தின் பெயர் எழுதியிருக்கும், ஆனால் அந்த 40 நிமிடமும் பிள்ளைகள் பேசிக்கொண்டிருப்பார்கள், ரிலீஃபுக்கு வந்த டீச்சர் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டுத் தன் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே ஓய்வுப் பாடவேளை அது.

படிப்பின் உண்மையான டைம்டேபிள் 1.30க்குப் பிறகுதான் தொடங்குகிறது, அதைப் பாடசாலை போடுவதில்லை, டியூசன் போடுகிறது. பின்னேரம் ஒரு வகுப்பு, சனி ஞாயிறு காலையிலிருந்து மாலை வரை வகுப்பு. காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அப்படி. காசு இல்லாத பிள்ளை மூன்று மணிக்கு மேல் லயத்துக்குப் போய்ச் சேர்ந்து, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவிலிருந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து, தண்ணீர் பிடித்து, அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வருவதற்குள் அடுப்பு மூட்டி உலை வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கொப்பியை விரிக்கும். இதில் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். அம்மாவின் நாளைப் பிரட்டு, அதாவது காலையில் தோட்டத்தில் ஆள் எடுத்து வேலை பிரிப்பது, தீர்மானிக்கிறது, அம்மாவின் நாள் மகளின் நாளைத் தீர்மானிக்கிறது. கல்வி அமைச்சு போடுகிற எந்த நேரசூசியிலும் இந்தக் கட்டம் கிடையாது.

2025இல் பாடசாலை நேரத்தை அரை மணித்தியாலம் நீட்டி 2 மணி வரைக்கும் நடத்துவதாக அறிவிப்பு வந்தபோது, ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன, பத்திரிகைகளில் நிறைய விவாதம் நடந்தது. எங்கள் ஊர்ப் பெற்றோர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்த பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு? கொழும்பில் அரை மணித்தியாலம் என்றால் அரை மணித்தியாலம்தான். இங்கே பஸ் தவறினால் அது ஒன்றரை இரண்டு மணித்தியாலமாகிவிடும், அதற்கு மேல் பனிமூட்டத்துக்குள் பிள்ளை தனியாக ஏறி நடக்க வேண்டும். நேரத்தைக் கூட்டுவதை நான் அடியோடு எதிர்க்கவில்லை. இருக்கிற 8 பாடவேளைக்கும் ஆள் போட்டுவிட்டு, பஸ்ஸையும் ஒழுங்கு செய்துவிட்டு, பிறகு கூட்டுங்கள் என்கிறேன்.

இப்போது கம்பஸ் பக்கம் வருவோம். காலை 8 மணிக்கு ஒரு லெக்சர், அடுத்தது 1 மணிக்கு, நடுவில் எதுவும் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகம் மாதிரி மாணவர் நிறைந்த ஓர் இடத்தில் இந்த நடு நேரத்தில்தான் ஒரு மாணவரின் வகுப்புச் சித்தி (பட்டத்தின் தரநிலை) தீர்மானமாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சில பிள்ளைகள் லெக்சர் முடிந்த கையோடு நூலகத்துக்குப் போகிறார்கள். வீட்டில் படித்த பெரியவர்கள் இருந்திருப்பார்கள், எதை முதலில் வாசிப்பது, எதை விடுவது, குழுவாக எப்படி உட்காருவது என்று அவர்களுக்கு யாரோ காட்டிக் கொடுத்திருப்பார்கள். எங்கள் பிள்ளை விடுதிக்குப் போகிறது. சோம்பலால் இல்லை. பதின்மூன்று வருடம் பெல்லும் டியூசன் சேரின் அச்சடித்த நோட்ஸும் நேரத்தைக் கையில் பிடித்து நடத்தியிருக்கின்றன. தமிழில் படித்துவிட்டு வந்து ஆங்கிலத்தில் லெக்சர் கேட்கிற பிள்ளைக்கு மற்றவரை விட இரண்டு மடங்கு நேரம் வேண்டும், அந்த நேரம் அந்த வெற்றுக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. அது தெரியாமல் முதலாவது செமஸ்டர் ஓடிவிடுகிறது, பெறுபேறு வந்த பிறகுதான் தெரிகிறது. 80 வீத வரவு என்பது உயர்தரத்திலும் கேட்ட விதிதான், கம்பஸிலும் பெரும்பாலும் அதே 80தான். ஆனால் கம்பஸில் வரவு குறைகிறது என்று வீட்டுக்குச் சொல்லியனுப்ப வகுப்பாசிரியர் இல்லை. பரீட்சை நெருங்கும்போது, எழுதத் தகுதியானவர்களின் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று பார்த்துத்தான் பிள்ளைக்குத் தெரியும்.

இதைச் சரி செய்ய பெரிய திட்டம் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆசிரியர் இல்லாத பாடவேளை எங்கள் பாடசாலைகளில் இருக்கிறது, நாளைக்கே அது மாறப்போவதுமில்லை. அந்த 40 நிமிடத்தை வீணாக விடுவதற்குப் பதிலாக, உயர்தர வகுப்புகளுக்காவது அதைச் சுயகற்றல் நேரம் என்று நேரசூசியிலேயே எழுதுங்கள். நூலகத்தைத் திறந்து விடுங்கள், பூட்டின அலுமாரியில் இருக்கிற புத்தகத்தால் யாருக்கும் பயனில்லை. கடந்த கால வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, இந்தப் பாடவேளைக்குள் இந்த இரண்டு வினாவையும் நீங்களே புத்தகம் பார்த்து எழுதுங்கள், முடியாததைக் குறித்து வையுங்கள் என்று சொல்ல இரசாயனவியல் பட்டதாரி தேவையில்லை, எந்த ஆசிரியரும் சொல்லலாம். குறித்து வைத்த கேள்விகளை அந்தப் பாடம் தெரிந்த ஒருவர் மாதத்தில் ஒரு நாள் வந்து தீர்த்துவைக்கலாம். இது ஆசிரியர் வெற்றிடத்துக்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, மாகாணக் கல்வித் திணைக்களம் நியமனத்தைத் தர வேண்டியது தர வேண்டியதுதான், அதைக் கேட்பதை நிறுத்தவும் கூடாது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றைக்கும் ஒரு பாடத்துக்கு ஆள் கேட்டுப் பெற்றோர் வீதிக்கு இறங்க வேண்டியிருக்கிறது என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

கம்பஸில் இருக்கிற தம்பி தங்கச்சிமாரிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை டைம்டேபிளை ஸ்டேட்டஸில் போடும்போது, அந்த வெற்றுக் கட்டங்களுக்குள் நீங்கள் அந்தக் கிழமை உண்மையில் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதிப் போடுங்கள். எசைன்மென்ட்டுக்கு எவ்வளவு நேரம் போனது, ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தை விளங்கிக்கொள்ள எத்தனை தடவை வாசித்தீர்கள், எந்த நாள் சும்மா போனது, எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது படித்த பாடசாலைக்கு ஒரு தடவை போய், அதிபரிடம் கேட்டு, 13ஆம் வகுப்புக்கு முன்னால் இரண்டு பாடவேளை நில்லுங்கள். எப்படியும் அன்றைக்கு ஏதாவது ஒரு பாடவேளைக்கு அங்கே ஆள் இருக்காது. கையில் அந்த டைம்டேபிளையும் கொண்டுபோங்கள், கரும்பலகையில் பெரிதாக வரைந்து, 15 எங்கே, மீதி 35 எங்கே என்று பிள்ளைகளோடு சேர்ந்து நிரப்புங்கள். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் வர விருப்பமானவர்கள் கீழே உங்கள் பாடத்தை மட்டும் எழுதுங்கள், பாடசாலைகளோடு நான் பேசி ஒழுங்கு செய்கிறேன்.