12 வருடம் குடியிருந்தால் வீடு சொந்தமாகிவிடாது

வீட்டு உரிமையாளர்களுக்கு ஒருவர் "வாடகைக்கு இருப்பவர் 12 வருடம் தாண்டிவிட்டால் வீடு அவருக்கே போய்விடும், அதனால் 11 மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். இது தவறு. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் சொல்லும் 12 வருடம் எதிரிடை அனுபவத்துக்கு உரியது, அதாவது உரிமையாளரை மறுத்து, 'இது என் இடம்' என்று வெளிப்படையாகவும் இடைவிடாமலும் அனுபவிப்பவருக்கு. குடித்தனக்காரர் உங்கள் அனுமதியோடு வந்தவர். அவர் மாதாமாதம் வாடகை தருவதே உங்களை உரிமையாளராக ஒப்புக்கொள்வதுதான். வாடகை உறவு தொடரும்வரை உங்கள் உரிமையை அவர் மறுக்க முடியாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 116ஆவது பிரிவு சொன்னது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. 20 வருடம் இருந்தாலும் அவர் குடித்தனக்காரர்தான்.

கவனிக்க வேண்டியது வேறு. வாடகையை முறைப்படி முடித்த பிறகும் அவர் காலி செய்யவில்லை என்றால், முடித்த நாளிலிருந்து 12 வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும், அசட்டையாக விட்டுவிடக் கூடாது. அப்புறம் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், வாடகையை வங்கிக் கணக்கில் வாங்குங்கள், ரசீதின் அடிக்கட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். ஒழுங்காக வாடகை தரும் குடும்பத்தை, பிள்ளைகளின் பள்ளி நடக்கும்போது, இந்தப் பயத்துக்காகக் காலி செய்ய வைக்காதீர்கள்.