சூரியன் சூட்டை "மர்மம்" என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள்

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் அறிவியல் விழா என்றால், சூரியப் படம் ஒட்டிய அட்டையில் இந்த வரி தவறாமல் இருக்கும்: "மேற்பரப்பு 5,500 டிகிரி, அதற்கு மேலே கொரோனா மில்லியன் டிகிரி, ஏனென்று யாருக்கும் தெரியாது." கொரோனா என்பது சூரியனின் வெளி வளிமண்டலம். முதல் இரண்டும் சரி. மூன்றாவதைப் பிள்ளைகள் தலையில் ஏற்றி அனுப்புவது மனசுக்கு ஒப்பவில்லை.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கரும்புள்ளிக் கூட்டங்களைச் சுற்றிக் காந்தப்புலம் வளையம் வளையமாக எழுந்து நிற்கிறது. வளையங்களின் அடி, கொதித்துப் புரளும் மேற்பரப்பில் ஊன்றியிருக்கிறது. அடி நகர நகர மேலே காந்தக் கோடுகள் சடைபோலப் பின்னிக்கொள்கின்றன. அந்த இடங்களில் கொரோனாவுக்குத் தேவை சதுர மீட்டருக்குச் சுமார் 10,000 வாட். மேற்பரப்பு ஒளியாக விடுவதோ 63 மில்லியன் வாட். அதில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு போதும். கொரோனா அவ்வளவு மெல்லியது. தீபாவளி மத்தாப்பின் பொறி அத்தனை சூட்டோடு கையில் விழுந்தும் பெரிதாகச் சுடுவதில்லையே, அந்தக் கணக்குதான்.

தீராத வழக்கு, அந்த ஆற்றல் வெப்பமாக மாறும் விதத்தில். இயற்பியலாளர் ஆல்வென் 1942இல் சொன்ன காந்த அலைகள் மேலே போய் அடங்குகின்றனவா? இன்னொரு இயற்பியலாளர் பார்க்கர் 1988இல் சொன்னதுபோல் பின்னல் அறுந்து ஒட்டி நானோ வெடிப்புகளாக, அதாவது மிகச் சிறிய வெடிப்புகளாகச் சிதறுகிறதா? என்னைக் கேட்டால், இந்த இரு கட்சி வாதத்தைவிட முக்கியமான கேள்வி வேறு: வளையத்துக்குள் இருக்கும் மெல்லிய காந்த இழை ஒன்றில் அடுத்த சூடு எப்போது விழுகிறது? முந்தியது ஆறும் முன்பா, ஆறிய பிறகா?

ஒரு இழையை மட்டும் பாருங்கள். சூடு விழுந்ததும் அதிலுள்ள பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) 10 மில்லியன் டிகிரி வரைகூட ஏறலாம். ஆனால் அப்போது ஒளி மிகக் குறைவு, ஏனென்றால் ஒளி அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. இழையோ கிட்டத்தட்டக் காலி. வெப்பம் காந்தக் கோட்டைப் பிடித்துக் கீழே ஓடி, மேற்பரப்புக்கும் கொரோனாவுக்கும் இடையிலுள்ள நிறமண்டலத்தைத் தாக்கும். அங்குள்ள வாயு பொங்கி மேலேறி இழையை நிரப்பும். நிரம்பிய பிறகுதான் பளிச்சென்று ஒளிரும். அதற்குள் சூடு இறங்கத் தொடங்கியிருக்கும். பிறகு ஆறி, கீழே வடிந்துவிடும். உச்சச் சூட்டில் இருக்கும்போதுதான் இழை மங்கலாக இருக்கிறது. நேரடிச் சாட்சி கைநழுவுவது இதனால்தான்.

படிவம் ஐந்து மாணவர்கள் இதைத் தாங்களே பார்க்கலாம். மத்தியானமே மழை கட்டும் நம் ஊருக்குத் தொலைநோக்கி வேண்டாம். சூரியனைக் கண்காணிக்க நாசா 2010இல் ஏவிய எஸ்டிஓ விண்கலத்தின் படங்கள் இலவசம், 12 வினாடிக்கு ஒன்று. படத்தில் சிறு கட்டம் போட்டு 94, 335, 211, 193, 171 ஆங்ஸ்ட்ராம் அலைநீளப் படங்களில் (மிகச் சூடான பிளாஸ்மாவிலிருந்து ஆறியது வரை இதே வரிசையில் காட்டுபவை) சராசரி ஒளி நேரத்தோடு மாறுவதை வரையுங்கள். பல இடங்களில் உச்சங்கள் இதே வரிசையில் வரும், சூடானது முதலில்; அதாவது பிளாஸ்மா ஆறிக்கொண்டு வருகிறது.

சூரிய விளிம்பில் உள்ள பகுதியை எடுக்காதீர்கள், வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று மறைக்கும். சூரியன் சுழல்வதால் நடுவட்டில் மணிக்குச் சுமார் 16 பிக்சல் படம் நகரும். கட்டத்தையும் கூடவே நகர்த்தாவிட்டால் வரைபடம் பொய் சொல்லும். அழகுக்காக ஒளி மாற்றிய ஜேபெக் படங்கள் ஆகாது, மூலத் தரவை இறக்குங்கள். பெரிய கண்ணி 94இல் இருக்கிறது: அதில் மில்லியன் டிகிரிப் பிளாஸ்மாவின் ஒளியும் கலந்து வரும். 171, 193 படங்களை வைத்து அந்தப் பங்கைக் கழித்த பிறகே மிச்சத்தைச் "சூடான பிளாஸ்மா" என்று எழுதுங்கள்.