பல் முளைத்தால் கடலை கொடுக்கலாமா? ஒரு திருத்தம்

"ஒன்றரை வயசுல பல் வந்துட்டா வேர்க்கடலை, சீடை எல்லாம் தாராளமா கொடுக்கலாம், சிக்கினா தண்ணி குடிச்சா இறங்கிடும்" என்று சிலர் சொல்வது தவறு, ஆபத்தானதும்கூட.

முன்பல் கடிக்கத்தான் உதவும், அரைப்பது கடைவாய்ப்பல். அதில் பின்வரிசை முளைக்கவே 2 வயது தாண்டும். நன்றாக மென்று விழுங்கப் பழக 4 வயதாவது ஆகும். அதுவரை முழுக் கடலை, பொட்டுக்கடலை, பாப்கார்ன், சீடை, கடலை மிட்டாய் வேண்டாம். அரைகுறையாக மென்ற வேர்க்கடலைப் பருப்பு மூச்சுக்குழாயில் போனால் ஈரத்தில் ஊறி உப்பும், அதன் எண்ணெய் உள்ளே புண்ணை உண்டாக்கும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் பருப்பு தெரியாது. அதனால்தான் விடாத இருமலையும் இளைப்பையும் சளி என்று நினைத்து நாட்களைக் கடத்திவிடுகிறார்கள்.

கடலையே ஆகாது என்பதல்ல. வறுத்துத் தோல் நீக்கி, நைசாகப் பொடித்துக் கஞ்சியிலோ தயிரிலோ கலந்து கொடுக்கலாம். (ஏற்கெனவே முட்டை ஒவ்வாமையோ கடுமையான கரப்பான் என்ற தோல் நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு.) திராட்சையைக் குறுக்கே வெட்டினால் வட்டமாகவே இருக்கும், தொண்டையை அப்படியே அடைக்கும், நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். கேரட்டை விரலால் நசுங்கும்வரை வேகவையுங்கள். ஓடும்போது ஊட்டாதீர்கள்.

சிக்கினால் தண்ணீர் கொடுக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள். பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை என்றால் குழந்தையை முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வெளிவராவிட்டால், ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலாக 5 அழுத்து. மாறி மாறிச் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவர் 108ஐக் கூப்பிடட்டும்.