பிக்மென்ட் மை எல்லாப் பிரிண்டருக்கும் ஆகுமா?

சுங்கை சிப்புட் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி: “எந்தப் பிரிண்டரிலும் பிக்மென்ட் மை ஊற்றுங்கள், கிளாசித் தாளில் படம் மங்கவே மங்காது.” பாதிதான் உண்மை. டை மையில் நிறம் கரைந்திருக்கும், பிக்மென்ட் மையில் நிறம் நுண்துகள்களாக மிதக்கும். டை மையைவிட பிக்மென்ட் வெளிச்சத்தைத் தாங்கும், மங்காமல் இருக்காது.

சிக்கல் கிளாசித் தாளின் பளபளப்பில். டை மை தாளின் பூச்சுக்குள் இறங்கிவிடும். பிக்மென்ட் துகள்கள் மேலேயே தங்கும். கல்யாணப் படத்தைச் சாய்த்துப் பாருங்கள்: மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் செம்பு நிறம் மினுக்கும், மை படாத வெள்ளை வேறு மாதிரிப் பளபளக்கும், நகம் பட்டால் கீறலும் விழலாம்.

எப்சன் எல்805 பிரிண்டர் டை மைக்கென்றே செய்தது. அதில் பிக்மென்ட் ஊற்றினால் மை தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளலாம். மையில் மிச்சம் பிடித்த ரிங்கிட் அதோடு போச்சு. வேறு கம்பெனி மை வாங்குவதில் தப்பில்லை, உங்கள் மாடலுக்கான டை மையா என்று புட்டியில் பாருங்கள். சுவரில் மாட்டுவதென்றால் கண்ணாடிச் சட்டம் போடுங்கள். டை மையை வெயிலோடு காற்றிலுள்ள ஓசோனும் வெளுக்க வைக்கும்.