மட்கும் குப்பையின் கணக்கு

நகரக் குப்பையை உரமாக்குவது பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டில்தான் தொடங்குகிறார்கள். உலகெங்கும் சேரும் நகரக் குப்பையில் உணவுக் கழிவும் இலைதழைகளும் 44 விழுக்காடு என்றும், வருமானம் குறைந்த நாடுகளில் அது 56 விழுக்காடு என்றும் உலக வங்கியின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. பாதிக் குப்பை உரமாகிவிடும் என்று நானும் நம்பியவன்தான்.

ஆனால் அது எடைக் கணக்கு. சமையலறைக் கழிவின் எடையிலோ ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். மட்கும்போது எஞ்சியதிலும் ஒரு பகுதி கரியமில வாயுவாகப் போய்விடுவதால், 100 கிலோ கழிவிலிருந்து ஓரளவு ஈரத்துடன் 20 கிலோ உரம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றரை விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்) இருந்தால் 300 கிராம்; 46 விழுக்காடு தழைச்சத்துள்ள யூரியாவில் அது சுமார் 650 கிராமுக்குள் அடங்கிவிடும். எனவே மட்கு உரத்தை யூரியாவுக்கு மாற்று என்று விற்பது விவசாயியை ஏமாற்றுவதே. மண்ணில் கரிமப் பொருளைக் கூட்டுவதும், ஈரத்தைப் பிடித்துவைப்பதும், நுண்ணுயிர்களுக்கு இரையாவதும்தான் அதன் வேலை. அதை யூரியாவால் செய்ய முடியாது.

அளவைவிட எனக்குக் கவலை தருவது கலப்புதான். பேட்டரியும் பெயிண்ட் டப்பாவும் உடைந்த குழல்விளக்கும் ஈரக் கழிவோடு ஒரே வண்டியில் நசுங்கிப் போகும்போது, காரீயமும் காட்மியமும் பாதரசமும் அதில் ஏறிவிடுகின்றன. கண்ணாடித் துண்டையும் பிளாஸ்டிக்கையும் சல்லடை ஓரளவு பிடிக்கும். ஈரத்தில் கலந்துவிட்ட உலோகத்தைப் பிடிக்காது. போதாக்குறைக்கு, குவியல் மட்கி எடை குறையக் குறைய, மட்காத உலோகத்தின் செறிவு கூடிக்கொண்டே போகிறது. குவியலின் சூடு 55 டிகிரியைத் தாண்டிச் சில நாட்கள் நின்றால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மடிந்துவிடும். உலோகத்துக்கு அப்படியொரு வைத்தியம் கிடையாது.

பிரித்து வாங்கினால் மட்கவைப்பது பெரிய வித்தையல்ல. கரிமமும் தழைச்சத்தும் 30-க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டியிருக்க வேண்டும். சமையலறைக் கழிவை மட்டும் குவித்தால் தழைச்சத்து மிகுந்து அம்மோனியாவாக வீணாகும் என்பதால் காய்ந்த சருகைச் சேர்க்க வேண்டும். (அந்தச் சருகைத்தான் தெருவோரத்தில் கொளுத்திக்கொண்டிருக்கிறோம்.)

ஆகவே, புதிய உர ஆலைக்குப் பணம் ஒதுக்கும் எந்த நகராட்சியிடமும் ஆலையின் கொள்ளளவைக் கேட்பதற்கு முன், வீட்டு வாசலில் எத்தனை வாளிகளில் குப்பை வாங்குகிறீர்கள் என்று கேட்க வேண்டும். ஒரே வாளி என்றால், அதிலிருந்து வரும் மட்கை உணவுப் பயிருக்குப் போடாமல், குப்பைமேட்டை மூடும் மண்ணாகப் பயன்படுத்துவதே நேர்மை.