மதிப்பெண் இருக்கட்டும், ஊரைக் கேளுங்கள்

மாணவர்களின் சமூகப் பணிக்கு மதிப்பெண் தர வேண்டும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, தரலாம். ஆனால் அது ஊருக்கு வேண்டிய வேலைதானா என்று யார் கேட்கிறார்கள்?

1969-இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும், ஏழு நாள் முகாமும் உண்டு. எங்கள் முகாம் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நடந்தது. முதல் இரண்டு நாள் கோயில் வாசலைக் கூட்டினோம், பேனர் பிடித்து போட்டோ எடுத்தோம். மூன்றாம் நாள் ஓர் ஆச்சி வந்து, "வாசலை நாங்க கூட்டிக்கிருவோம் தம்பி, ஊருணிக்குத் தண்ணி வர்ற வழியைப் பாருங்கப்பா" என்றார். போய்ப் பார்த்தால் படித்துறை அவ்வளவு அழகு, உள்ளே வெடித்த மண், வரத்துக்கால் முழுக்கச் சீமைக் கருவேலமும் பிளாஸ்டிக் பையும். முள் குத்தி வீங்கிய கையோடு மீதி நாள் முழுக்க அதைத்தான் வெட்டினோம். ஐப்பசி மழைக்குப் பிறகு நண்பர்களோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தபோது கீழ்ப்படி மூன்று மூழ்கச் செந்தண்ணீர் நின்றது, அந்தச் சந்தோஷம் எந்தச் சான்றிதழிலும் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் கல்லூரி வேறு ஊருக்குப் போய்விட்டது. கருவேலம் திரும்ப முளைத்துவிட்டது, அதுதான் இன்னும் மனசை அறுக்கிறது. ஒரே ஊரை ஐந்து வருடமாவது வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் மாணவர்களை உட்கார வைத்து, ஊர் சொல்வதைக் கேட்ட பிறகு மண்வெட்டியைக் கொடுங்கள்.