மூஸ் வேட்டைக்கு மூன்று ரவை போதும்

கனடாவில் துவக்குச் சட்டம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மகசினுக்குள், அதாவது துவக்கில் ரவைகளை (தோட்டாக்களை) அடுக்கும் பெட்டிக்குள், எத்தனை ரவை போடலாம் என்ற சண்டையும் கூடவே வந்துவிடும். சட்டம் ஐந்து என்று கட்டிப்போட்டது வேட்டைக்காரரைக் குற்றவாளியாகப் பார்ப்பது என்று ஒரு பக்கம் கோபப்படும். வேட்டைக்கு எதற்கு ஐந்து, முதலில் துவக்கே எதற்கு என்று மறுபக்கம் கேட்கும். ஒன்ராறியோவின் வடக்கே மூஸ் (மான் இனத்தில் மிகப் பெரியது) வேட்டைக்குப் போகிற ஒருவனாக என் கருத்தை எழுதுகிறேன். பெரிய விலங்கு வேட்டைக்கு ஐந்து ரவையே அதிகம். மூன்று போதும். அந்த மூன்றும் எல்லா வகை ரைஃபிளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அதோடு, சரியாகச் சுடத் தெரியும் என்று காட்டாத எவருக்கும் மூஸைச் சுட அனுமதி கொடுக்கக் கூடாது.

இப்போதுள்ள சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வெடி, அடுத்த ரவை தானாக ஏறிக்கொள்ளும் என்றால் அது செமி ஒட்டோமெட்டிக். அந்த வகை ரைஃபிளின் மகசினில், வலுக் குறைந்த சின்ன ரவை போடும் .22 ரிம்ஃபயர் நீங்கலாக, ஐந்துக்கு மேல் ரவை பிடிக்கக் கூடாது. பத்து, இருபது, முப்பது பிடிக்கும்படி செய்யப்பட்ட மகசின்கள் இங்கே விற்பனைக்கு வரும்போது ரிவெற் அடித்து வரும். கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் ஆறாவது ரவை உள்ளே இறங்காது. ஆனால் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடுகிற ரைஃபிளுக்கு இப்படி எந்த எல்லையும் இல்லை. அதனால்தான் பத்து ரவை பிடிக்கும் பழைய லீ என்ஃபீல்ட் .303-ஐ நிரப்பிக்கொண்டு இன்றும் காட்டுக்குள் போகலாம். வடக்கே காவல் பார்க்கும் படைப் பிரிவான கனடிய ரேஞ்சர்கள் பல பத்தாண்டுகளாகத் தோளில் சுமந்ததும் அதே துவக்குத்தான்.

இந்த ஐந்து எங்கிருந்து வந்தது? 1989 டிசம்பர் 6 அன்று மொன்றியலில் எக்கோல் பொலிடெக்னிக் பொறியியல் கல்லூரிக்குள் ஒருவன் செமி ஒட்டோமெட்டிக் ரைஃபிளோடு நுழைந்து 14 பெண்களைக் கொன்றான். பெண்கள் என்பதற்காகவே கொன்றான். ரூகர் மினி-14, சட்டப்படி கடையில் வாங்கியது. உயிர் தப்பியவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் விடாமல் குரல் கொடுத்தார்கள். 1991-ல், கிம் கம்பெல் நீதி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சட்டத்தின் வழியாகத்தான் மகசின் எல்லை வந்தது. அந்தக் காரணம் அன்றைக்குப் போல இன்றைக்கும் சரியானது. அந்தப் பதினான்கு பேரின் பெயரைச் சொல்லி வந்த சட்டத்தை "எங்களுக்குத் தொந்தரவு" என்று வேட்டைக்காரர் யாராவது சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. பொதுப் பாதுகாப்புக்காக வந்த எண்ணையே வேட்டைக்கும் அளவாக வைத்துக்கொண்டோம். சுடப்படுகிற விலங்கின் பக்கம் நின்று யாரும் கணக்குப் போடவில்லை.

பறவை வேட்டையில் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் வாத்துகள் வேகமாகக் குறைந்துவந்த காலத்தில், 1935-ல், இடம்பெயரும் பறவைகளைச் சுடுகிற ஷொட்கன்னில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. மகசின் குழாய்க்குள் ஒரு கட்டையைச் செருகி அடைத்துவிடுவார்கள். கனடாவிலும் அதே மூன்றுதான். அதாவது, ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள வாத்துக்கு மூன்று. நானூறு, ஐந்நூறு கிலோ எடையோடு அசையாமல் நிற்கிற மூஸுக்குப் பத்தும் போடலாம். எனக்கு இதில் நியாயம் விளங்கவில்லை. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் பெரிய விலங்குக்கும் எண் உண்டு. கொலராடோ, நியூயோர்க், மிச்சிகன் மூன்றிலும் செமி ஒட்டோமெட்டிக் என்றால் மகசினும், சுடத் தயாராக ஒரு ரவை நிற்கும் அறையும் சேர்த்து ஆறு. புளோரிடாவில் மகசின் ஐந்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. அங்கேயும் போல்ட் ரைஃபிளைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

ஏன் மூன்று என்கிறேன்? மூஸைச் சுட்ட பிறகு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நெஞ்சுக்கூட்டில் சரியாகப் பட்டாலும் அது அந்த இடத்திலேயே விழுவது அபூர்வம். ஒன்றும் நடக்காதது போல அப்படியே நிற்கும். சில நேரம் திரும்பி உங்களைப் பார்க்கும். பிறகு மெதுவாக நடக்கத் தொடங்கி, ஐம்பது, நூறு மீற்றர் தள்ளி ஆல்டர் புதருக்குள் போய்ப் படுத்துவிடும். அது நிற்கிறதே, படவில்லைப் போலிருக்கிறதே என்று மனது பதறும். விரல் விசையிலேயே இருக்கும். இரண்டாவது வெடி அந்த அவசரத்தில் வைப்பது. அதை நிதானமாகத் தோள்பட்டைக்குப் பின்னால் வைத்தால் நல்லதுதான், அந்த மிருகத்தின் வேதனை குறையும். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாம் ஓடுகிற விலங்கின் பின்பக்கத்துக்குத்தான் போகும். குடலில் படும், தொடையில் படும். பிறகு தடம் பார்க்கப் போனால் புல்லில் நுரையோடு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இரத்தம் கரும்பச்சை கலந்து நாறும். நுரையீரல் இரத்தம் என்றால் அரை மணி நேரம் பொறுத்துப் பின்னால் போனால் போதும். குடல் என்றால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், அப்போதும் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. இருட்டிவிட்டால் தேடல் அவ்வளவுதான். அந்த விலங்கு எங்கேயோ ஒரு சதுப்பில் இரவு முழுக்க வலியோடு கிடந்து சாகும்.

மகசினில் நிறைய இருக்கிறது என்ற நினைப்பே முதல் வெடியைக் கெடுக்கிறது. தூரம் கொஞ்சம் கூட, கொப்பு குறுக்கே நிற்கிறது, பரவாயில்லை, போட்டுப் பார்ப்போம், அடுத்தது இருக்கிறதே என்று தோன்றும். மூன்றுதான் என்று தெரிந்தவன் அந்தக் கொப்பு விலகும்வரை காத்திருப்பான்.

ஐரோப்பாவில் இதை நாற்பது வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். காட்டுயிர்களைப் பாதுகாக்க ஐரோப்பிய நாடுகள் செய்த 1979-ன் பேர்ன் உடன்படிக்கை, வேட்டைக்குத் தடைசெய்யும் கருவிகளின் பட்டியலில் மகசினில் இரண்டு ரவைக்கு மேல் பிடிக்கும் செமி ஒட்டோமெட்டிக் துவக்கையும் சேர்த்தது. மகசினில் இரண்டு, அறையில் ஒன்று, ஆக மூன்று. ஜேர்மனியின் வேட்டைச் சட்டத்திலும் அதே இரண்டு இருந்தது. அங்கே 2016-ல் நடந்ததை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். லைப்சிக்கில் உள்ள உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்த வருடம் மார்ச்சில் ஒரு தீர்ப்புச் சொன்னது: கழற்றி மாட்டும் மகசின் உள்ள துவக்கில் பெரிய மகசினையும் மாட்ட முடியும், ஆகவே உள்ளே இரண்டுதான் போட்டிருந்தாலும் அது வேட்டைத் துவக்கு ஆகாது. அதுவரை சட்டப்படி வாங்கிப் பதிந்து வைத்திருந்த ஏராளமான வேட்டைக்காரர்கள் ஒரே நாளில் திகைத்து நின்றார்கள். அந்த வருடம் முடிவதற்குள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. துவக்கில் எத்தனை பிடிக்கும் என்பதை விட்டுவிட்டு, வேட்டையில் எத்தனை போட்டிருக்கிறாய் என்று கேட்டது. மொத்தம் மூன்று. வேட்டை விதி என்றால் இப்படித்தான் எழுத வேண்டும். எந்தத் துவக்கு வீட்டில் இருக்கலாம் என்பது பாதுகாப்புச் சட்டத்தின் வேலை. காட்டில் நிற்கும்போது அதற்குள் என்ன இருக்கிறது என்பது வேட்டைச் சட்டத்தின் வேலை.

இந்த இரண்டையும் கலந்ததால்தான் இங்கே 2022 நவம்பரில் அவ்வளவு கொந்தளிப்பு. சி-21 என்ற துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டமூலத்தில் திருத்தம் ஒன்றைச் செருகி, வடக்கிலும் பழங்குடிச் சமூகங்களிலும் வேட்டைக்குப் பயன்படும் எஸ்.கே.எஸ் போன்ற செமி ஒட்டோமெட்டிக் துவக்குகளையும் தடைப் பட்டியலுக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். பழங்குடித் தலைவர்கள் எதிர்த்தார்கள், 2023 பெப்ரவரியில் அரசாங்கம் அதை மீளப் பெற்றது. காட்டில் மூன்று ரவை என்று யாராவது நல்ல எண்ணத்தில் சொன்னாலும் "இதுவும் பறிமுதலுக்கு முதல் படி" என்று சந்தேகப்படும் நிலைமைக்கு அந்தக் குழப்பம்தான் கொண்டுவந்து விட்டது.

கரடி வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான், நானும் கரடி நடமாடும் இடத்தில்தான் கூடாரம் போடுகிறேன். அதற்கு உணவைக் கூடாரத்தில் வைக்காமல் மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும், கையில் கரடி ஸ்பிரே இருக்க வேண்டும், வெட்டிய இறைச்சிக்குப் பக்கத்தில் தனியாக நிற்கக் கூடாது. பாய்ந்து வரும் கரடி முன்னால் நான்காவது ரவைக்கு நேரம் இருக்கும் என்று நினைப்பது வீண். கடும் வடக்கில் வெண்கரடியோடு வாழ்கிறவர்களின் நிலை வேறு, அவர்களுக்கு விலக்கு கொடுக்கத்தான் வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. துவக்குச் சத்தத்துக்குத் தப்பி வந்து இந்த மண்ணில் இறங்கியவர்கள் நாங்கள். நீ எப்படி அதைக் கையில் எடுக்கிறாய் என்று என்னிடம் நேராகவே கேட்ட அண்ணாமார், அக்காமார் உண்டு. அவர்கள் கேட்பதில் தவறில்லை. துவக்கால் என்ன செய்ய முடியும் என்று தெரிந்த சமூகத்திலிருந்து வந்தவன் என்பதால்தான் அதைப் பிடிக்கிறவனுக்கு விதி கடுமையாக இருக்க வேண்டும் என்கிறேன்.

அந்த விதியில் எனக்கு ரவை எண்ணிக்கையைவிட முக்கியமானது சுடும் தேர்வு. ஒன்ராறியோவில் துவக்குப் பாதுகாப்புப் பாடநெறி உண்டு, வேட்டைக் கல்விப் பாடநெறி உண்டு. இரண்டும் நல்லவை. ஆனால் பாதுகாப்புத் தேர்வில் கையாள்வது வெடிக்காத போலி ரவை. ஒரு முறைகூட நிஜ ரவையால் இலக்கைச் சுடாத ஒருவர் அடுத்த இலையுதிர்காலத்தில் மூஸை நோக்கிக் குறிபார்க்கலாம், சட்டம் தடுக்காது. நோர்வேயில் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வொரு வருடமும் முப்பது பயிற்சி வெடி வைத்துவிட்டு, நூறு மீற்றர் தூரத்தில் விலங்கு உருவத்தின் நெஞ்சுப் பகுதிக்குள் ஐந்து வெடி வைத்துக் காட்ட வேண்டும். பின்லாந்தில் எழுபத்தைந்து மீற்றரில் 23 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் நான்கு. சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம், அவ்வளவுதான். அதற்குள் வைக்க முடியாதவர் அந்த வருடம் காட்டுக்குப் போகாமல் பயிற்சிக்குப் போகட்டும்.

செலவு, இடவசதி என்று சாட்டுச் சொல்வார்கள். மாகாணம் முழுக்கச் சுடும் கழகங்கள் இருக்கின்றன, கோடையில் அவற்றிலேயே தேர்வை நடத்தலாம். தூரத்துச் சமூகங்களுக்குத் தேர்வாளர் நேரில் போகலாம். வேட்டை விதிகளை மாற்றும்போது ஒன்ராறியோ அரசு சுற்றுச்சூழல் பதிவேட்டில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது வழக்கம். அடுத்த முறை கேட்கும்போது நான் எழுதப் போவது இதுதான்: எந்த ரைஃபிளாக இருந்தாலும் காட்டில் மொத்தம் மூன்று ரவை, வருடா வருடம் சுடும் தேர்வு. வேட்டைக்குப் போகிற தமிழர்கள் இப்போது ரொறன்ரோவைச் சுற்றிக் கொஞ்சப் பேர் இருக்கிறீர்கள். உடன்பட்டாலும் மறுத்தாலும் நீங்களும் அங்கே எழுதுங்கள். கீழே உங்கள் அனுபவத்தையும் போடுங்கள், முக்கியமாக முதல் வெடியில் விழாத விலங்கைத் தேடிப் போனவர்கள்.